உளப் பொருத்தப்பாடும் திருகோணமலை மாணவரும்

உயிர்கள் யாவும் தாம் வாழும் சூழலோடு பொருந்தி வாழவே முயல்கின்றன. கோடையில் இலையுதிர்த்து நீரைச் சேமிக்கும் மரமும், கச்சான் காற்று வீசும் மாதங்களில் மேற்குக் கரையை விட்டுத் திருகோணமலைக் கரைக்கு வந்து வாடியமைத்துத் தொழில்புரிந்து, வாடைக் காற்றுக்கு முன்னே ஊர் திரும்பும் மீனவனும் இவ்வுண்மைக்குச் சான்றாவர். எனினும் மரத்துக்கு இல்லாத தொல்லையொன்று மனிதனுக்கு உண்டு. அவன் வெயிலோடும் மழையோடும் மட்டுமன்றிப் பிறர் மனத்தோடும் தன் சொந்த ஆசைகளோடும் பொருந்த வேண்டியவனாகின்றான். இம்மூன்றிடையே அவன் ஓயாது செய்துகொள்ளும் சமனிலையையே உளநூலார் பொருத்தப்பாடு என வழங்குவர்.

பொருத்தப்பாடு என்பதை இணங்கிப்போதல் எனச் சிலர் விளங்கிக்கொள்கின்றனர். அது பிழை. அடிக்கும் தந்தைக்கு அஞ்சி வாயடைத்திருக்கும் பிள்ளை இணங்கிப்போகின்றதேயன்றிப் பொருந்தி வாழவில்லை. தன் தேவைகளையும் சூழலின் கோரிக்கைகளையும் ஒருங்கே கருதி, வேண்டுமிடத்துத் தன்னை மாற்றியும், இயலுமிடத்துச் சூழலை மாற்றியும் வாழ்வதே உண்மைப் பொருத்தப்பாடு.

தேவையொன்று தடைப்படும்போது மனிதன் பலவாறு முயல்கின்றான். முயற்சியை இரட்டிப்பான், வேறு வழி தேடுவான், குறிக்கோளையே மாற்றிக்கொள்வான், காலம் வரும்வரை காத்திருப்பான். இவையெல்லாம் பயன்படாதவிடத்து விரக்தி பிறக்கின்றது. விரக்தியின் வேதனையை நேரே தாங்கவியலாத மனம் சில மறைவழிகளை நாடும். கணிதத்திற் பின்தங்கியவன் விளையாட்டிலே முன்னிற்பது ஈடுசெய்தல். தாழ்வுணர்ச்சியையும் அதனை வெல்லும் முயற்சியையும் ஆராய்ந்த வியன்னா நகரத்து மருத்துவர் அல்பிரட் அட்லர் இதனையே தம் கொள்கையின் மையமாக்கினார். தேர்வில் தவறியவன் வினாத்தாளைப் பழிப்பது நியாயங்கற்பித்தல். தன் உள்ளத்துப் பகைமையைப் பிறர்மேல் ஏற்றி, எல்லாரும் தன்னை வெறுப்பதாக எண்ணுவது புறத்தெறிதல். தம்பி பிறந்ததும் ஆறு வயதுப் பிள்ளை மீண்டும் மழலை பேசி விரல் சூப்புவது பின்னடைவு. பகற்கனவு எல்லார்க்கும் தெரிந்ததே. இவ்வழிகளைக் கையாளாத மனிதர் இலர். மாணவர் பெறுபேறு குன்றினால் மாணவரின் சோம்பலே காரணம் என்று முடிவு கட்டும் ஆசிரியரும் ஒருவகையில் நியாயங்கற்பிப்பவரே.

ஆகவே பொருத்தப்பாடுடையோர், அஃதில்லாதோர் என மக்களை இருகூறாக்கிவிட முடியாது. வேறுபாடு அளவிலேயே உள்ளது. ஒரு நடத்தை நெடுநாள் நீடிக்கின்றதா, வீடு வகுப்பு விளையாட்டிடம் ஆகிய எல்லாவிடத்தும் பரவுகின்றதா, வயதுக்கு ஒவ்வாததாகின்றதா, பிள்ளையின் கல்வியையும் நட்பையும் கெடுக்கின்றதா என வினவுதல் வேண்டும். மூன்று வயதிற் படுக்கையை நனைப்பது இயல்பு. பத்து வயதில் அது மீண்டுந் தொடங்கின் ஏதோவொன்றின் அறிகுறி. அறிகுறியை நோயென்று கொள்வதே இத்துறையில் மலிந்த தவறு. காய்ச்சலுக்கு வெப்பமானியைக் குறைகூறுவார் இல்லை. பொய் சொல்லும் சிறுவனுக்கோ பொய்க்காக மட்டுமே தண்டனை கிடைக்கின்றது.

பொருத்தப்பாடின்மை இருமுகங் கொண்டது. ஒன்று புறத்தே பாய்வது: சண்டை, களவு, கீழ்ப்படியாமை, பாடசாலைக்கு வராதொழிதல். மற்றொன்று அகத்தே ஒடுங்குவது: பேசாமை, தனிமை, அச்சம், எதிலும் நாட்டமின்மை. இவ்விரண்டில் எது கொடியது? 1928ஆம் ஆண்டில் ஈ. கே. விக்மன் என்னும் அமெரிக்க ஆய்வாளர், மாணவர் நடத்தைகளின் நீண்ட பட்டியலொன்றை ஆசிரியரிடத்தும் உளநலத் துறையினரிடத்தும் கொடுத்து, ஒவ்வொன்றின் கடுமையையும் மதிப்பிடுமாறு வேண்டினார். களவு, ஒழுக்கக்கேடு, கீழ்ப்படியாமை என்பவற்றை ஆசிரியர் தலையாய குற்றங்களாகக் கண்டனர். ஒதுங்கியிருத்தல், பிறரை ஐயுறுதல், மகிழ்ச்சியின்மை என்பவற்றையே உளநலத் துறையினர் பெருங் கேடுகளாகக் கண்டனர். ஆசிரியர் மதிப்பீட்டின் அடியில் நின்றவை மற்றவர் மதிப்பீட்டின் முடிக்கு ஏறின. அவ்வாய்வின் முறைபற்றிப் பின்வந்தோர் குறை கூறியதும் உண்டு. இரு சாராரிடத்தும் வினா ஒரே வகையிற் கேட்கப்படவில்லை என்பது அக்குறைகளுள் ஒன்று. பின்னைய ஆய்வுகளில் இரு சாராரிடையேயுள்ள இடைவெளி சுருங்கியதும் உண்மை. ஆயினும் விக்மன் கண்ட அடிப்படை இன்றும் எந்த ஆசிரியர் அறையிலும் கேட்கக்கூடியதே. வகுப்பைக் குழப்புபவனின் பெயர் எல்லார்க்கும் தெரியும். கடைசி வாங்கிலே சுவரோடு ஒட்டி அமர்ந்திருக்கும் பிள்ளையின் பெயரைச் சொல்ல வரவுப் பதிவேட்டைத் திறக்க வேண்டியிருக்கும். அவனைப்பற்றி வினவினால், "நல்ல பிள்ளை, ஒரு தொல்லையும் இல்லை" என்பதே விடை.

இந்த அமைதி திருகோணமலை மாவட்டத்தில் தனிப்பொருள் பெறுகின்றது. இயற்கைத் துறைமுகங்களுள் உலகப் புகழ்பெற்ற ஒன்றைத் தன்னகத்தே கொண்டமையால், இம்மாவட்டம் பிறர் போர்களையும் தன் முற்றத்திற் காண நேர்ந்தது. 1942 ஏப்பிரில் 9ஆந் தேதி யப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனன்குடா விமானத் தளத்தையும் தாக்கின. எண்ணெய்த் தாங்கியொன்று தீப்பற்றியது. 1957இல் பிரித்தானியக் கடற்படை தளத்தைக் கையளித்து நீங்கியபோது, அதனை நம்பி வாழ்ந்த குடும்பங்கள் பலவற்றின் வாழ்வு திசைமாறியது. 1964 டிசெம்பரில் சூறாவளி வீசியது. 1983 முதலாகத் தொடர்ந்த வன்செயல்களாலும் போராலும் ஊர்கள் பலமுறை வெறுமையாயின. 1990இல் மட்டும் பல்லாயிரவர் காடுகளிலும் முகாம்களிலும் கடல்கடந்து தமிழகத்திலும் தஞ்சம் புகுந்தனர். 2004 டிசெம்பர் 26இல் ஆழிப்பேரலை இம்மாவட்டத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்டோரைக் கொண்டுசென்றது. அவ்வடு ஆறுமுன்னரே 2006இல் மூதூர் கிழக்கில் மூண்ட போரால் சம்பூர் முதலிய ஊர்களின் மக்கள் இடம்பெயர்ந்தனர். அவருட் பலர் கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான் முதலிய இடங்களின் முகாம்களில் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் தங்கினர்.

தமிழ், சிங்களம், முஸ்லிம் என மூவினத்தாரும் வாழும் இம்மாவட்டத்தில் இவ்விடர்களுக்குத் தப்பிய இனம் ஒன்றுமில்லை. மூதூரிலிருந்து முஸ்லிம் மக்களும் 2006இல் வெளியேறிப் பின்னர் மீண்டனர்.

அழுகை என்னும் மெய்ப்பாட்டுக்குத் தொல்காப்பியர் நான்கு நிலைக்களன்களை வகுத்தார். பிறரால் இகழப்படுதலும், உயிரையோ பொருளையோ இழத்தலும், வறுமையும் எளிதில் விளங்குவன. எஞ்சிய ஒன்றை அவர் அசைவு என்றார். உரையாளர் அதனைத் தளர்ச்சி எனவும், முன்னைய நன்னிலை கெட்டு வேறொரு நிலையிற் கிடந்து வருந்துதல் எனவும் விளக்குவர். இழவினின்றும் அசைவை அவர் பிரித்து நிறுத்தியமை கூர்ந்து நோக்கற்பாலது. முகாமிலே வளரும் பிள்ளை எவரையும் இழவாதிருக்கலாம். உணவுப் பங்கீடும் ஒழுங்காகக் கிடைக்கலாம். ஆயினும் தந்தை வயலும் வள்ளமும் உடையவராய் இருந்த காலத்தை அது அறியும். அவர் பகலெல்லாம் கொட்டிலின் வாயிலிலே வாளா அமர்ந்திருக்கும் காலத்தையும் அது காணும். இவ்வேறுபாட்டைப் பிள்ளையாற் சொல்லிக்காட்ட இயலாது. அதன் உடலும் நடத்தையுமே சொல்லும்.

இலங்கைப் பிள்ளைகளின் மனவடுபற்றிய ஆய்வுகள் சில நன்கு செய்யப்பட்டுள்ளன. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் 1998இல் வெளியிட்ட ஆங்கில நூல், வடுப்பட்ட மனங்கள் எனப் பொருள்படும் பெயருடையது. போர் தனிமனிதனோடு குடும்பத்தையும் ஊரையும் எவ்வாறு குலைக்கின்றதென விரித்துரைப்பது. கிளோடியா கற்றானி என்பாரும் உடனாய்வாளரும் 2008இல் வெளியிட்ட ஆய்வு வடகிழக்கின் 296 தமிழ் மாணவரைப்பற்றியது. ஒன்பது முதல் பதினைந்து வயது வரையான அம்மாணவரை அவர்கள் ஆழிப்பேரலையை அடுத்த காலத்திலே நேரிற் கண்டு வினவினர். அவருள் நூற்றுக்கு 82.4 பேர் போர்நிகழ்ச்சி ஒன்றையேனும் அனுபவித்திருந்தனர். நூற்றுக்கு 30.4 பேருக்கு நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோயும், 19.6 பேருக்கு மனச்சோர்வு நோயும் காணப்பட்டன.

இவ்வெண்கள் எதிர்பார்க்கத்தக்கனவே. எதிர்பாராதது வேறோர் எண். வீட்டினுள்ளே வன்முறை ஒன்றையேனும் கண்டதாகவோ பட்டதாகவோ கூறிய பிள்ளைகள் நூற்றுக்கு 95.6 பேர். வீட்டு வன்முறை போரைக் காட்டிலும் பரந்து கிடந்தது. அஃதன்றியும், தந்தையின் குடிப்பழக்கமும் முன்னைய போர் அனுபவமும் எங்கு மிகுந்தனவோ அங்குப் பிள்ளைகள் அடிபடுதலும் மிகுந்தது. போர், ஆழிப்பேரலை, வீட்டு வன்முறை என அடிகள் ஒன்றன்மேல் ஒன்றாய் ஏற ஏற, நோயும் ஏறியது. எனவே போர் ஒழிந்த நாளிலே பிள்ளையின் துன்பமும் ஒழிந்தது என்று கொள்வதற்கில்லை. வெளியே நின்ற போர் வீட்டுக்குள் புகுந்து, தந்தையின் கைவழியாகத் தொடரக்கூடும்.

இதன் மறுதலையை இலண்டனிற் காணலாம். 1939 செப்டெம்பர் முதலாந் தேதி தொடங்கிச் சில நாள்களுள் பிரித்தானியா ஏறத்தாழ 15 இலட்சம் பேரை, பெரும்பாலும் சிறுவரை, நகரங்களினின்றும் நாட்டுப்புறங்களுக்கு அனுப்பியது. குண்டுவீச்சினின்றும் காத்தலே நோக்கம். நகரில் எஞ்சிய சிறுவருக்காகக் காப்பகங்கள் நடத்திய அன்னா பிராய்டும் டொரதி பேர்லிங்ஹாமும் வியப்பானதோர் உண்மையைக் கண்டனர். தாயின் அருகே இருந்து குண்டுவீச்சைக் கண்ட பிள்ளையைவிட, பாதுகாப்பான இடத்திலே தாயைப் பிரிந்திருந்த பிள்ளையே பெரிதும் நிலைகுலைந்தது. நாட்டுப்புறத்து வீடுகளிலே படுக்கை நனைத்த சிறுவர்பற்றி எழுந்த முறைப்பாடுகள் பல. அன்று பலர் அதனை நகரத்து ஏழைகளின் வளர்ப்புக் குறை என்றனர்.

பிரிவு திருகோணமலைக்கு இன்று வேறொரு வாயில்வழி வருகின்றது. மூதூர், கிண்ணியா முதலிய பகுதிகளின் வறிய தாய்மார் பலர் மத்திய கிழக்கு நாடுகளுக்கு வீட்டுப்பணிக்குச் சென்று, பிள்ளைகளை அம்மம்மாவிடமோ பெரியம்மாவிடமோ ஒப்படைக்கின்றனர். பணமும் வருகின்றது, தொலைபேசியிற் குரலும் வருகின்றது. இத்தாய்மாரைப் பழித்தல் எளிது. கடனைத் தீர்க்கும் வேறு வழி காட்டுதலே அரிது.

இத்தகைய பிள்ளை வகுப்பறையில் எவ்வாறு தோற்றும்? கதவு படீரென்று சாத்தினால் துள்ளியெழும். இரவிலே உறக்கமின்மையாற் பகலிலே தூங்கி விழும். நேற்றுச் சொல்லிக்கொடுத்த வாய்பாட்டை இன்று மறக்கும். வயிற்றுவலி என்று அடிக்கடி சொல்லும். மருத்துவர் நோயொன்றுங் காணார். வினாவுக்கு விடை தெரிந்தும் எழுந்து சொல்லாது. இவற்றுள் மறதியைப்பற்றித் தனியே சொல்லல் வேண்டும். வன்னிப் பகுதியின் 420 மாணவரிடையே நிகழ்த்தப்பெற்று 2009இல் வெளிவந்த ஆய்வொன்று, மனவடு நோயுற்ற பிள்ளைகளின் நினைவாற்றல் தேர்விலும் குறைவு இருப்பதைக் காட்டியது. வேண்டாத நினைவை ஓயாது அடக்கும் மனத்துக்கு வேண்டிய பாடத்தை இருத்தவும் வலு குன்றுகின்றது. இதனை அறியாதவிடத்துப் பிள்ளைக்கு மந்தன் என்னும் பெயர் வந்துவிடும். அப்பெயர் பதிவேடு பதிவேடாக மேல்வகுப்புக்கும் தொடர்ந்து செல்லும். இகழப்படுதலையும் அழுகையின் நிலைக்களனாகத் தொல்காப்பியர் வைத்தது பொருத்தமே.

பிரம்பின் செயலும் இவ்விடத்து ஆராயத்தக்கது. கல்வி அமைச்சு 2005இல் வெளியிட்ட 17ஆம் இலக்கச் சுற்றறிக்கையும், அதன்பின் 2016இல் வந்த 12ஆம் இலக்கச் சுற்றறிக்கையும் பாடசாலைகளில் உடற்றண்டனையை விலக்கின. பிரம்பைக் கைவிட மனமில்லாதோர், தாமும் அடிபட்டே படித்து ஆளானதாகக் கூறுவர். அடிபட்டு ஆளாகாமற் பாடசாலையை விட்டு நின்றவர் அக்கூற்றை மறுக்க அவையில் இருப்பதில்லை. வீட்டிலே அடிபட்டு வரும் பிள்ளைக்குப் பாடசாலையிலும் அடி விழுமாயின், புறத்தே பாய்பவன் இன்னும் பாய்வான். ஒடுங்கியவன் இன்னும் ஒடுங்குவான். முன்னவன் கெட்டது கண்ணுக்குத் தெரியும். பின்னவன் கெட்டது ஒழுக்கமாகத் தோன்றும்.

பரிகாரம் யாது? ஆழிப்பேரலைக்குப் பின் கிழக்குக் கரைக்கு நல்லெண்ணத்தோடு வந்தவர் பலர், பிள்ளைகளை அலையை வரையச் செய்தும், நடந்ததை ஒரே அமர்விற் கூறச் செய்தும் அகன்றனர். அவ்வாறு ஒருமுறை கிளறிவிட்டு நீங்குதலால் நன்மை விளைவதற்குச் சான்றில்லை; சிலருக்குத் தீங்கும் விளையலாம். 2007இல் உலக நிறுவனங்கள் கூடி வெளியிட்ட நெருக்கடிக்கால உளநல வழிகாட்டியும் இம்முறையை ஒதுக்கியது. பாடசாலை வழியாக நெடுக நடத்தும் பயிற்சிகளின் பயனும் ஒரு சீராய் இல்லை. வட இலங்கையில் 399 பிள்ளைகளிடையே விற்சே ரொல் முதலியோர் நடத்தி 2012இல் வெளியிட்ட ஆய்வு இதனை ஒளிவின்றிச் சொல்கின்றது. விளையாட்டும் கலையும் கலந்த வகுப்புப் பயிற்சியால் முரட்டு நடத்தை குறைந்தது. போர்சார்ந்த அன்றாட நெருக்கடி குறைந்த பிள்ளைகளிடத்து நற்பயன் மிகுந்தது. பெண்பிள்ளைகளின் மனவடு அறிகுறிகளோ, பயிற்சி பெறாதோரிடத்திற் குறைந்த அளவுக்குத் தானும் குறையவில்லை. இலங்கை இளையோர் 427 பேரை ஆராய்ந்து காயத்திரி பெர்னாண்டோ முதலியோர் 2010இல் வெளியிட்ட கட்டுரையும் இதற்கு அணியான கருத்தினது: பேரிடரின் நினைவைப்போலவே வறுமை, வீட்டுச் சச்சரவு என்னும் அன்றாட நெருக்கடிகளும் இளையோர் உளத்தை அரிக்கின்றன.

ஆதலின் பெரும் பயிற்சிகளுக்கு முன்னே, ஆசிரியர் கைக்கு எட்டுவன சில உள. ஒழுங்காக மணி அடித்து ஒழுங்காக நடைபெறும் பாடசாலையே நிலைகுலைந்த பிள்ளைக்குப் பெரிய மருந்து. நாளை நடப்பது இன்றே தெரிந்திருத்தல் அதற்குப் புதிய அனுபவம். ஒடுங்கிய பிள்ளையை வகுப்பின் முன்னே எழுப்பிப் பேசவைத்து வெட்கத்தைப் போக்க முயல்வது தகாது. சுண்ணக்கட்டி எடுத்துவரல், பூமரத்துக்கு நீர் ஊற்றல் போன்ற சிறுபணியொன்றை அதன் பொறுப்பில் விட்டு, அமைதியான தோழனொருவனை அருகில் இருத்தினாற் பேச்சு தானே வரும். ஒவ்வொரு நாளும் ஒருமுறையேனும் அதன் பெயரைச் சொல்லி அழைத்தல் ஆசிரியருக்கு அரை நிமிட வேலை. இவற்றாலும் தேறாது, உறக்கமும் உணவும் குன்றி, சாவுபற்றிய பேச்சும் தோன்றுமாயின், பிள்ளையைக் காலந் தாழ்த்தாது உளமருத்துவரிடம் ஒப்படைத்தல் வேண்டும். மன்றாட்டும் நூல்கட்டலும் பெற்றோருக்கு ஆறுதல் தருமாயின் அவற்றைத் தடுக்க வேண்டுவதில்லை. மருத்துவத்தை அவற்றுக்குப் பின்னே தள்ளுதலே தவறு. பாடசாலைகளுக்கு உளவளத்துணை ஆசிரியர் நியமிக்கப்பட்டுள்ளனர். ஆயின் அவருக்கு வழக்கமான பாடங்களையும் நிரப்பிவிட்டு, தனித்துப் பேச ஓர் அறையும் இன்றி விட்டால், நியமனம் கடதாசியிலே நின்றுவிடும். சுற்றிலும் மாணவர் நிற்கும் விறாந்தையில் எந்தப் பிள்ளையும் தன் வீட்டைப்பற்றிப் பேசாது.

பெரியோர் கண்ணுக்கு நன்மையாகத் தோன்றும் மாற்றமும் பிள்ளையின் பொருத்தப்பாட்டைக் குலைக்கக்கூடும் என்பதற்குச் சம்பூரே சான்று. 2015இலும் 2016இலும் அங்குள்ள காணிகள் விடுவிக்கப்பட்டு மக்கள் படிப்படியாக மீளக்குடியேறினர். மண்மூடிய கிணறுகளையும் அத்திவாரம் மட்டும் எஞ்சிய வீடுகளையும் கண்டு பெற்றோர் அழுதனர். ஆயினும் அவர்க்கு அது திரும்புதல். 2006இன் பின் முகாமிற் பிறந்து எட்டு ஒன்பது வயது வரை அங்கேயே வளர்ந்த பிள்ளைக்கோ, விளையாடிய ஒழுங்கையும், படித்த வகுப்பும், அடுத்த கொட்டிலின் தோழனும் அந்த முகாமிலேயே இருந்தன. பெற்றோர் ஊர் திரும்பிய அந்நாளே அப்பிள்ளையின் முதலாவது இடப்பெயர்வு. புதிய வகுப்பிலே அது பேசாதிருந்ததைக் கண்டவர், சொந்த ஊருக்கு வந்த பிள்ளைக்கு என்ன குறை என்றே எண்ணியிருப்பர்.